பல்லில் கடித்த பறி

பொன்னேரியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே பொதுப்பாதை, மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை உண்மையை மட்டுமே எழுதுகிற தொழில். அதனால்தானோ என்னவோ, பேனாவை மூடிவிட்டு வாயைத் திறந்தால் அடக்கிவைத்த புளுகெல்லாம் வரிசை கட்டி வந்துவிடும். ஊரில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் பத்திரத்துக்கு வருவார்கள், மீதிப் பேர் புருடா கேட்க வருவார்கள். இரண்டாவது வகைக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் கொஞ்சம் யோசித்துப் பேசியிருப்பேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற பெரிய பங்களா ஓட்டலான கதையில் எனக்கு இரண்டு பங்கு உண்டு. ஒன்று, குத்தகைப் பத்திரத்தை எழுதியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுத்துப்பிழைகூட இல்லை. இன்னொன்றை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் கசக்கிறது.

பங்களா, ஒரு காலத்தில் சுற்றுவட்டார நிலமும் உப்பளமும் வைத்திருந்த குடும்பத்துடையது. எங்கள் ஆட்கள் அவர்களைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. அப்பா பெரிய ஐயா, மகன் சின்ன ஐயா. பெரிய ஐயா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. சின்ன ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் சின்ன ஐயாதான், பதவி உயர்வே கிடையாது. சென்னையில் இருக்கிறார். வருஷத்துக்குப் பத்து நாள் குடும்பத்தார் வந்து சாப்பாட்டோடு தங்கிக்கொள்ளலாம் என்று குத்தகையில் ஒரு ஷரத்து கேட்டு வாங்கிக்கொண்டார். என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் ஏரியில் இறால் தடவுகிறவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றுக்குள் இரண்டு கையாலும் துழாவி, விரலில் தட்டுப்படுகிற இறாலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கிற பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி என்பது பனையோலையில் பின்னிய, வாய் குறுகிய கூடை. அது பாட்டுக்கு மிதந்துகொண்டே கூட வரும். அம்மா அப்படித்தான் என்னைப் படிக்கவைத்தாள். நானும் ஒரே ஒரு நாள் முயன்று பார்த்தேன். வேண்டிய மட்டும் ஏரித் தண்ணீரைக் குடித்து, ஒரு நண்டிடம் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டுக் கரையேறினேன். எனக்கு எழுத்து வேலைதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பிடித்ததில் நல்லதாகப் பொறுக்கி பங்களாவின் கொல்லைப்புறக் கேட்டுக்கு அம்மா கொண்டுபோவாள். கேட்டுக்கு வெளியே ஒரு கல் இருந்தது. பறியை அதன்மேல் வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். சமையல்காரர் வந்து, தண்ணீர் தெளித்து, எடுத்துக்கொண்டு போவார். எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள வரலாறு அவ்வளவுதான். உள்ளே எத்தனை அறை என்று எனக்குத் தெரிந்ததே பத்திரத்துக்கு அளவு எடுத்தபோதுதான்.

ஓட்டல் திறந்ததும் மேனேஜர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும். எல்லாரையும் அண்ணா, அக்கா என்பார், முதல் நாளே தோளில் கைபோடுவார். நண்டு சூப் வந்தது. வாய் விரிந்த பித்தளைக் கிண்ணம், மேலே கொத்துமல்லி. அருமையாக இருந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அடி தெரிந்த பிறகுதான் அந்தக் கிண்ணத்தின் இடுப்பு ஒடுங்கி விளிம்பு அகன்றிருக்கிற தினுசைக் கவனித்தேன். படிக்கம்! பெரிய ஐயா வகையறா வெற்றிலை போட்டுத் துப்பின எச்சில் படிக்கம். பரணில் ஒரு டஜன் கிடந்ததாம். புளி போட்டுத் துலக்கினதில் தங்கமாய் மின்னுகிறதாம். ‘ஹெரிடேஜ் பவுல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பார்த்தேன். கார் போட்டுக்கொண்டு வந்தவர்களெல்லாம் படிக்கத்தைத் தூக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் இரண்டு படிக்கம் குடித்தவன் சொன்னால் அவ்வளவு மரியாதையாக இருக்காது.

அருவருப்புக்கு அங்கே பஞ்சமில்லை. ஏரிக்கரைக் குப்பத்தில் கருவாடு காய்ந்தால் விருந்தினருக்கு வாடை அடிக்கிறது, சனி ஞாயிறு மட்டும் காயவைக்காதீர்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டார்கள். அதே சனி ஞாயிறில் உள்ளே கருவாட்டுப் பொடி தூவிய வெண்ணெயை ரொட்டிக்குத் தடவிக்கொள்ளக் கொடுத்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

“அண்ணா, எனக்கு ஒரு கதை வேணும்ணா. இந்த வீட்டுக்கும் ஏரிக்காரங்களுக்கும் இருந்த பந்தம். ஒரு வழக்கம், ஒரு சடங்கு, எதாவது. கெஸ்ட் கேக்கறாங்க.”

நான் கல்லைப் பற்றிச் சொன்னேன். அம்மா எட்ட நின்றதைச் சொன்னேன். தண்ணீர் தெளித்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“கொஞ்சம் சோகமா இருக்குண்ணா. சாப்பாட்டு நேரத்துல செட் ஆகாது.”

எனக்கு எரிச்சல் வந்தது. குத்திக்காட்ட வேண்டும் என்றுதான், சத்தியமாக அதற்காக மட்டும்தான், வாயைத் திறந்தேன்.

“அப்படின்னா இதக் கேளுங்க. பெரிய ஐயா ரொம்ப சுத்தபத்தம். எங்க ஆளுங்க கை பட்ட எறாவத் தொடமாட்டாரு. அதனால பொம்பளைங்க ஏரிலேர்ந்து அப்படியே பறியைப் பல்லுல கடிச்சிகினு, ரெண்டு கையையும் பின்னால கட்டிகினு, நேரா சாப்பாட்டு மேசைக்கே வந்து எறக்குவாங்க. கை படாத எறா!”

கையால் தடவிப் பிடித்த இறால் எப்படிக் கை படாத இறாலாகும்? அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

“கை... படாத... எறா,” என்று முணுமுணுத்தார். “அண்ணா, புல்லரிக்குதுண்ணா.”

எனக்கும் என்னவோ செய்தது. சூப்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில், அம்மாவுக்குப் பிறகு ஏரியில் இறங்கிக்கொண்டிருந்த என் அக்காவுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மட்டி ஓடு கிழித்த காயத்தில் உப்புத்தண்ணீர் ஏறி ஏறி, வலது கையில் இரண்டு விரல் கறுத்துப்போய்விட்டது. பொன்னேரியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஆறு மாசம் ஏரியில் கை வைக்கக்கூடாது, வைத்தால் இந்த இரண்டு விரலையும் மறந்துவிடுங்கள் என்றார். அத்தான் போன பிறகு அக்காவுக்கு அந்தக் கைதான் எல்லாம். என் வீட்டில் வந்து இரு என்றால், “உன் பொண்டாட்டி பாவம்டா, உன் ஒருத்தன் பேச்சயே கேக்க முடியாம கீது,” என்று சொல்லி வரமாட்டாள்.

“அந்த ஓட்டல்காரன் உனுக்கு தோஸ்தாச்சே,” என்றாள். “எறா உரிக்கிற வேல கீதான்னு கேளேன். கையில ரப்பர் உற மாட்டிகினு செய்றேன்.”

கேட்டேன். அனுப்புங்கண்ணா என்றார் மேனேஜர். பத்து நாள் கழித்து அக்கா என் எழுத்து மேசைக்கே வந்துவிட்டாள். நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“வேல கெடச்சிட்சுடா. ஆனா உரிக்கறது இல்ல. சனி ஞாயிறு மத்தியானம் மட்டும் வந்தா போதுமாம். அரமணி நேரம்.”

“அரமணி நேரத்துல இன்னா வேலை?”

“பறிய பல்லுல கடிச்சிகினு சாப்பாட்டு ரூமுக்குள்ள போவணுமாம். கைய பின்னால கட்டிக்கணுமாம். அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்களாமே? நம்ம அம்மா ஒருநாளும் சொல்லலியேடா.”

டீ மூக்கு வழியாக வந்தது.

“இன்னாடா?”

“சூடு,” என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது அதுதான். அதைச் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு அறைக்கு வெளியே அக்காவுக்குப் புதுச்சேலை கட்டி நிற்கவைத்திருந்தார்கள். ஒரு பணிப்பெண் பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கிற குப்பியால் அவள் மேல் புஸ்ஸு புஸ்ஸென்று அடித்துக்கொண்டிருந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்க வேண்டுமாம். முப்பது வருஷம் ஏரியில் ஊறினவளுக்கு, நனைவது எப்படி என்று குப்பியால் காட்டிக்கொடுக்கிறார்கள். பறிக்குள் இருந்தது ஐஸ் பெட்டியில் வந்த வளர்ப்பு இறால். மணி அடித்தது. அக்கா பறியைக் கடித்துக்கொண்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உள்ளே போனாள்.

எல்லாரும் போனைத் தூக்கினார்கள். “எவ்ளோ ஒரிஜினலா இருக்கு!” என்றார் ஒரு அம்மாள். அவர் பக்கத்தில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை.

“மம்மி, அந்த ஆன்ட்டி ஏன் நாய்க்குட்டி மாதிரி வாயில கவ்விட்டு வர்றாங்க?”

“உஷ்! அது கல்ச்சர்.”

கொல்லைப்புறத்துக்கு ஓடினேன். வாந்தி எடுக்கக்கூட இடமில்லை, எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, சின்னச் சின்ன விளக்கு. கேட்டுக்கு வெளியே இருந்த கல்லைக் காணோம். அதைப் பெயர்த்து நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு புத்தரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படி ஒரு வசதி இருந்திருக்கலாம்.

அக்கா வீட்டுக்கு நடக்கிற வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கிண்டலாகச் சொன்னது, அந்த ஆள் எழுதிக்கொண்டது எல்லாம். அடிப்பாள் என்று கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.

“அப்ப அம்மா அப்படி செய்யல,” என்றாள் கடைசியில்.

“இல்ல.”

“நல்லவேள.” பெருமூச்சு விட்டாள். “ஒரு வாரமா அதயே நெனச்சிகினு கெடந்தேன்டா. நம்மகிட்ட சொல்ல வெக்கப்பட்டுகினு மறச்சிட்சோன்னு.”

இதைவிட அடித்திருக்கலாம்.

“நாளைக்கே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன், அது பொய்னு.”

“சொல்லு. சொல்லிட்டு வந்து என்ன ஏரில எறக்கி உடு.” இரண்டு விரலையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “தண்ணில பத்து மணி நேரம் கடிச்சேன், இங்க அரமணி நேரம் கடிக்கிறேன். அங்க கொக்கு பாக்கும், இங்க இவுங்க பாக்கறாங்க. பல்லு என்னுது. உனுக்கு இன்னா போச்சு? இது ஆறுற வரிக்கும் வாயப் பொத்திகினு இரு. பொறந்ததிலேர்ந்து செய்யாதத ஒரு தடவ செஞ்சி பாரு.”

பொத்திக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம். டீக்கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டார். அக்காவின் ஒரு விரல் தேறி வந்தது. இன்னொன்று யோசித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சின்ன ஐயா தன் பத்து நாள் ஷரத்தை அனுபவிக்க வந்து சேர்ந்தார். பத்திரம் எழுதினவர் என்று மேனேஜர் என்னையும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மேசையின் தலைமாட்டில் சின்ன ஐயா. கடைக்கோடியில் நான். நடுவில் இருபது பேர். மணி அடித்தது. அக்கா பறியைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

சின்ன ஐயா கரண்டியைக் கீழே வைத்தார்.

“இதை நான் கண்ணால பார்த்திருக்கேன்,” என்றார். “அஞ்சு வயசிருக்கும். அப்பா இதோ இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பார். ஈரம் சொட்டச் சொட்ட வருவாங்க. வந்து அவர் முன்னால மண்டி போடுவாங்க. அவர் தலையசைச்ச அப்புறம்தான் பறியை எறக்குவாங்க. அப்படி ஒரு விசுவாசம். இப்பல்லாம் ஏது?”

மண்டி என் பொய்யில் கிடையாது. அது அவருடைய சொந்தச் சரக்கு. ஆனால் புளுகில் பழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதர் புளுகவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. கையில் அவர் ஏந்திக்கொண்டிருந்தது படிக்கம். அப்பா தினமும் துப்பின படிக்கத்தை அடையாளம் தெரியாதவருக்கு, ஒருநாளும் நடக்காதது அப்படியே நினைவில் இருந்தது.

மேனேஜர் அக்காவின் பக்கம் குனிந்தார். “அக்கா, ஐயா சொல்றார் பாருங்க. லேசா மண்டி போட்டுடுங்க. இனிமே அப்படியே வச்சுக்கலாம்.”

அக்கா அசையவில்லை. வாயில் பறி, பேச வழியில்லை. என்னைப் பார்த்தாள். முப்பது வருஷம் சேற்றில் மண்டியிட்டவள்தான். ஆனால் அது இறாலுக்காக. மேனேஜர் அவள் தோளில் கைவைத்து மெல்ல அழுத்தினார். நான் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். வாயைத் திறந்தால் வழக்கமானதுதான் வந்தது.

“ஐயா, மீதியையும் சொல்லுங்க. பாதியில நிறுத்திட்டீங்களே. பறியை எறக்கினதும் பெரிய ஐயா எழுந்து, தன் நாற்காலியை அந்தம்மாவுக்குக் குடுப்பாரு. அந்த எறா வெந்ததும் முதல் இலை அவங்களுக்குத்தான். அவங்க சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுல மத்தவங்க உட்காருவாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?”

மேனேஜர் கண் மின்னியது. கை தானாகப் போனுக்குப் போனது. சின்ன ஐயா மட்டும் தன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படியெல்லாம் கிடையாது,” என்றார். “இந்த மேசையிலயா? உட்கார்ந்தா? சான்சே இல்லை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். வாயிலிருந்த பறியைக் கையால் எடுத்து மேசைமேல் வைத்தாள். தாடையைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

“ரெண்டுமே இவன் உட்ட புருடாதான் ஐயா,” என்றாள். “என் தம்பி. எங்க அம்மா எறாவ கொல்லயில கல்லு மேல வச்சிட்டு எட்ட நின்னுச்சு. நடந்தது அதான். இவன் ரெண்டு பொய் சொன்னான். ஒண்ணு உங்களுக்கு ஞாபகம் கீது, ஒண்ணு ஞாபகம் இல்ல.”

அக்கா மேனேஜரைப் பார்த்தாள்.

“தம்பி, இது ஏரி எறா கூட இல்லப்பா. குட்டையில வளத்தது. ஐஸு ஏறி பல்லெல்லாம் கூசுது.”

அதோடு வெளியேறியிருந்தால் நாடகம் மாதிரி இருந்திருக்கும். அவள் சமையலறைப் பக்கம் போய்த் தன் பழைய சேலையைத் தேடினாள். யாரோ அதை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார்கள். அது கிடைத்து, மாற்றிக்கொண்டு, அவர்கள் சேலையை நாலாக மடித்து ஒப்படைத்துவிட்டு வரக் கால் மணி நேரமாகியது. அந்தக் கால் மணி நேரமும் நான் மேசையின் கடைக்கோடியில் நின்றேன். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இருபது பேரும் சூப்பை முடித்தார்கள். சின்ன ஐயா பக்கத்திலிருந்தவருக்குத் தன் அப்பாவின் குதிரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்த வீட்டில் குதிரை இருந்ததாக ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உண்மை வெளிவந்ததும் ஓட்டல் மாறிவிட்டதாக நீங்கள் நினைத்தால் உங்களுக்கு ஓட்டலைத் தெரியாது. சனி ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். ஓலை ஒட்டின பிளாஸ்டிக் கூடையைக் கடித்துக்கொண்டு அழகாக மண்டி போடுகிறாள். சாப்பாட்டு அறைச் சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். ‘கை படாத இறால், வீட்டு வாரிசின் பால்ய நினைவிலிருந்து’ என்று தலைப்பு. என் பொய்யில் என் பெயர் இல்லை. அதற்காக ஒரு நிமிஷம் எனக்கு வருத்தம்கூட வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா மறுபடி ஏரியில் இறங்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்த விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. விடியற்காலையில் ஏலத்தில் இறால் எடுத்து, ஏரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் குடை போட்டு விற்கிறாள். எனக்குத் தண்டனையும் அவளே விதித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிக்க வேண்டும். பத்திரம் எழுதுகிற விரல்களை இறால் கொம்பு எப்படியெல்லாம் குத்தும் என்று எனக்கு இப்போது தெரியும். வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, “இவன்கிட்ட எறாவ மட்டும் குடுங்க, பேச்சு குடுத்துடாதீங்க,” என்பாள்.

போன வாரம் ஒரு கார் நின்றது. சென்னை ஜோடி, இளவயது.

“அக்கா, இறாலை வாயில கவ்விட்டு வருவாங்களாமே, அந்த ஓட்டல் எங்க இருக்கு?”

அக்கா தலையைத் தூக்காமல் என்னைக் கைகாட்டினாள். நான் உரிப்பதை நிறுத்தினேன்.

“அது பொய்ங்க,” என்றேன். “நான்தான் கட்டிவிட்டேன்.”

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் காட்டினான். “இல்ல சார், பாருங்க. வீட்டுக்காரரே சொல்லியிருக்கார்.”

அந்தப் பெண் அக்காவின் பக்கத்தில் கிடந்த பறியைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா, ப்ளீஸ், ஒரே ஒரு போட்டோ. அதைக் கடிச்ச மாதிரி...”

அக்காவின் கத்தி நின்றது. மடங்கின விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். வாளியில் கையை அலம்பிக்கொண்டேன். காரைச் சுற்றிப் போய் ஜன்னலில் குனிந்து, மிகுந்த மரியாதையோடு அவர்களுக்கு வழி சொன்னேன். இந்தப் பக்கம் ரோடு வெட்டிப் போட்டிருக்கிறார்கள், போன் தப்பாகக் காட்டும், வந்த வழியே திரும்பிப் பொன்னேரிக்குப் போய், ஸ்டேஷனைத் தாண்டினதும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். ரொம்ப நன்றி சார் என்று சொல்லிக் காரைத் திருப்பினார்கள்.

புழுதி அடங்கும் வரை அக்கா அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொன்னேரி ஸ்டேஷனாண்ட இன்னாடா கீது?”

“ஒண்ணும் இல்ல.”

“இன்னும் மூணு கிலோ கீது,” என்றாள். “உக்காரு.”